எல்லாளன் – துட்டகைமுனு போர்: எதை உறுதியாகச் சொல்லலாம்?

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

வணக்கம். கொழும்பில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். அடுத்த தவணையில் எங்கள் வரலாற்று மன்றத்தில் அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனுக்கும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கும் இடையில் நடந்த போரைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைக்க இருக்கிறோம். பிள்ளைகளிற் சிலர் வீட்டிற் கேட்ட கதையோடும் சிலர் யூடியூப் காணொளிகளோடும் வருகிறார்கள். இரண்டிலுமே அநுராதபுரத்தின் தெற்கு வாயிலில் நடந்த தனிச்சமர், பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதி வைத்ததைப் போல விவரிக்கப்படுகிறது. அந்தத் தனிச்சமருக்கு மூலம் எது? கி.மு. 161 என்ற ஆண்டு எந்தக் கணக்கில் வந்தது? எல்லாளன் சமாதி என்று முன்னர் காட்டப்பட்ட மேடு உண்மையில் யாருடையது? விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

தனிச்சமருக்கு நமக்குள்ள பழைய மூலம் மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரம். அந்நூல் கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரை என்ற பௌத்த மடத்தின் துறவியால் பாளியில் இயற்றப்பட்டது என்பதால், போருக்கும் அதைப் பாடியவருக்கும் இடையில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. எல்லாளன் எறிந்த ஈட்டியைத் துட்டகைமுனு தப்பியது, அவனுடைய கந்துலன் என்ற யானை எல்லாளனின் மகாபப்பதம் என்ற யானையைக் கொம்பாற் குத்தியது, பின்னர் துட்டகைமுனு எறிந்த ஈட்டியால் எல்லாளன் யானையோடு சாய்ந்தது எல்லாம் அங்கேதான் வருகின்றன.

இதைவிடப் பழையதான தீபவம்சம் ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது எல்லாளன் 44 ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டான் என்று சில செய்யுள்களிற் புகழ்கிறது. துட்டகைமுனுவைப் பற்றி, பத்து வீரர் சூழக் கந்துலனோடு வந்து 32 அரசர்களைக் கொன்று தனியாட்சி நிறுவினான் என்று மிகச் சுருக்கமாகக் கூறி நகர்ந்துவிடுகிறது. தெற்கு வாயில், ஈட்டி, யானைச் சண்டை எதுவும் அதில் இல்லை. மகாவம்சமோ இதே அரசனுக்கு 37 அதிகாரங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை ஒதுக்குகிறது. இந்த விரிவு முழுவதும் புலவரின் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போர் நடந்தது என்பதற்கும் போர் இப்படித்தான் நடந்தது என்பதற்கும் ஒரே அளவு சான்று இருப்பதாக மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றையும் காட்டுங்கள். துட்டகைமுனுவின் பத்து வீரர்களில் முதல்வனாகிய நந்திமித்தனின் தாய்மாமன் மித்தன், எல்லாளனிடம் சேனாபதியாக இருந்தவன் என்று மகாவம்சமே சொல்கிறது. இனப்போராக மட்டும் இதைப் படித்துப் பழகியவர்கள் அந்த வரியைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பதில்: கொட்டாஞ்சேனை வாசகன்

ஆண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தீபவம்சம், மகாவம்சம் ஆகிய வம்ச நூல்கள் புத்தரின் பரிநிர்வாணத்திலிருந்து, அதாவது அவருடைய மறைவிலிருந்து, ஆண்டுகளை எண்ணுகின்றன. பரிநிர்வாணத்தை மரபுப்படி கி.மு. 543 என்று கொண்டால் துட்டகைமுனு அரியணை ஏறியது கி.மு. 161; மகாவம்சத்தைப் பதிப்பித்த அறிஞர் வில்ஹெல்ம் கைகர் கொண்டது போல கி.மு. 483 என்று வைத்தால் அது கி.மு. 101 ஆகிவிடும். கரும்பலகையில் இரண்டையும் எழுதுங்கள், 60 ஆண்டு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது பிள்ளைகளுக்கே விளங்கும்.

பதில்: தென்வாசல்

சமாதி விடயம் சிக்கலானது. எல்லாளன் வீழ்ந்த இடத்திலேயே தகனம் செய்து நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது என்றும், தம் காலத்திலும் இலங்கை அரசர்கள் அவ்விடத்தை அணுகும்போது வாத்தியங்களை நிறுத்திவிடுவார்கள் என்றும் மகாவம்ச ஆசிரியர் எழுதுகிறார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் அநுராதபுரத்தின் தெற்கே இருந்த பெரிய மேட்டை அந்தச் சமாதி என்று குறித்தனர். 1940களில் அங்கே அகழ்வு நடத்திய தொல்லியலாளர் பரணவிதான, அது தக்கிண விகாரையின் தூபி என்று முடிவு செய்தார். வட்டகாமணி அரசனின் வீரர்களில் ஒருவனான உத்தியன் நகரின் தெற்கே அந்த விகாரையைக் கட்டினான் என்று மகாவம்சத்திலேயே குறிப்பு உண்டு என்பதால், இந்த முடிவைக் காழ்ப்பு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அங்கு கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவுடையது என்று 1970களின் இறுதியில் அறிவிக்கப்பட்டது வேறு கதை. கரியும் சாம்பலும் எக்காலத்தவை என்று ஆய்வுகூடம் சொல்லக்கூடும்; எந்த மன்னனுடையவை என்று எப்படிச் சொல்லும்? வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் டி. இரத்தினம் 1981இல் இதையெல்லாம் மறுத்து, மேடு எல்லாளனுடையதே என்று வாதிட்டார். சாம்பலைப் பற்றி அவர் எழுப்பிய ஐயங்கள் வலுவானவை என்றே கருதுகிறேன். மேட்டைப் பற்றிய அவருடைய முடிவை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

கண்டிப் பிரதானியான பிலிமத்தலாவை தப்பியோடுகையில், சோர்ந்திருந்தும் பல்லக்கிலிருந்து இறங்கி, அந்த நினைவிடத்தைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே சென்றார் என்று ஆங்கிலேய அதிகாரி ஃபோர்ப்ஸ் எழுதியதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சரியான இடம் தெரியாததாலேயே அவர் அவ்வளவு தூரம் நடந்தார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. மரியாதை தொடர்ந்து வந்திருக்கிறது. இடம் பற்றிய தெளிவு அப்போதே மங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தை ஆசிரியை

மிக்க நன்றி. மனுநீதிச் சோழன்தான் எல்லாளன் என்று மாணவர்கள் கட்டாயம் சொல்வார்கள். தமிழ் நூல்களில் இப்போருக்குச் சான்று உண்டா?

பதில்: ஏட்டுச்சுவடி

கன்றும் தேர்க்காலும் ஆராய்ச்சி மணியும் இரு மரபுகளுக்கும் பொது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் தன் ஊரின் பெருமையாக இதைச் சொல்கிறாள். பெரியபுராணம் இதைத் திருவாரூரில் வைக்கிறது. மகாவம்சமோ திஸ்ஸ வாவிக்குத் தேரிற் சென்ற எல்லாளனின் மகன் மேல் ஏற்றுகிறது. அந்தத் தமிழ் நூல்கள் எல்லாளன் என்ற பெயரையோ, ஈழத்துப் போரையோ குறிப்பிடவில்லை. ஆகவே ஒரே கதை இரு கரைகளிலும் வழங்கியது என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். இருவரும் ஒருவரே என்பது ஊகம். மன்றத்தில் வேறெதையும் செய்யாவிட்டாலும், தீபவம்சத்தின் 18ஆம் அதிகாரத்துச் செய்யுள்களையும் மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுங்கள், வாதத்தை அதன் பிறகு தொடங்கலாம்.