இராணுவப் பாதிரியார் பயிற்சிக்குப் புறப்படும் வேளையில் முதல் குழந்தை: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி: நெல்லைக் குருவானவர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தென்னிந்தியத் திருச்சபையின் குருவாக ஐந்து ஆண்டுகளாகப் பணி செய்து வருகிறேன். எனக்கு வயது 31. இந்தியத் தரைப்படையில் சமய ஆசிரியர் பணிக்கு, பாதிரியார் பிரிவில், விண்ணப்பித்திருந்தேன். 8 நிமிடத்தில் 1,600 மீட்டர் ஓட்டம், எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகிய அனைத்தும் முடிந்து, புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்து சேருமாறு கடிதம் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுப் படைகளில் குருமார் கேப்டன் முதலிய அதிகாரிப் பதவிகளில் இருப்பதைப் பார்த்துச் சிலர் என்னையும் அப்படி எண்ணிக்கொள்கிறார்கள். நம் படையில் பண்டிதர், சீக்கியரின் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி ஆகியோர், அதிகாரிகளுக்கும் ஜவான்களுக்கும் இடைப்பட்ட நாயப் சுபேதாராகவே பணியில் சேருகிறார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஜவான்களுக்கு அருகில் இருக்கும் பதவி என்பதாலேயே அதை விரும்பினேன்.

கடிதம் வந்தபோது என் மனைவிக்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை. மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் பயிற்சிக் காலத்தின் நடுவே விழுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது எங்கள் பக்கத்து வழக்கம் என்றாலும், என் மாமியார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. மாமனார் தனியாக இருக்கிறார். என் தாயாருக்கு முழங்கால் வலி. மனைவியின் அத்தை ஒருவர் உடன் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில், நான் சேகரத்தை, அதாவது என் பொறுப்பில் உள்ள சபைகளை, விட்டுப் போனால் குருமனையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அடுத்து வரும் குருவானவருக்கும் குடும்பம் இருக்கிறது அல்லவா? ஆகவே வயிற்றுப் பிள்ளையோடு வீடு மாறும் சுமையும் அவள்மேல் விழுகிறது.

அவள் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. 365 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு என்பதால் வருமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. இந்தப் பணிக்கு நான் போக வேண்டும் என்று என்னைவிட உறுதியாக இருப்பவளும் அவள்தான். மாலை நேரங்களில் என் இந்திப் பாடங்களை அவளே கேட்டு ஒப்பிக்க வைக்கிறாள். இருந்தும், மருத்துவமனையில் நோயுற்றோரைச் சந்திப்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும், தண்டனை பெற்ற வீரரைப் போய்ப் பார்ப்பதும், படைவீரர் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்வதும் கடமையாக விதிக்கப்பட்ட ஒரு வேலைக்கு, என் சொந்தக் குடும்பத்தைப் பிரசவ நேரத்தில் விட்டுவிட்டுப் போவது சரிதானா என்ற கேள்வி இரவில் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அடுத்த அணியோடு சேர அனுமதி கேட்கலாமா? போவதானால் எதையெல்லாம் முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டும்? குழந்தையின் ஞானஸ்நானத்தை எப்போது வைத்துக்கொள்வது? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுபேதார், மதுரை

ஐயா, வணக்கம். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் படையில் எழுத்தராக இருந்தவன். மனத்தைப் பற்றி எழுத மற்றவர்கள் வருவார்கள். நான் காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் படையில் காகிதத்தில் இல்லாத மனைவியும் குழந்தையும் சலுகை என்று வரும்போது இல்லாதவர்களே.

ஒத்திவைப்புக் கேட்பதானால் இன்றே கேளுங்கள். சேருமாறு கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு, மருத்துவரின் சான்றை இணைத்து, பதிவுத் தபாலில் எழுதுங்கள். தொலைபேசியில் யாராவது "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். எழுத்தில் அனுமதி வராத வரைக்கும், குறித்த நாளில் போய் நிற்பதாகவே திட்டமிடுங்கள்.

படைவீரருக்கு மனைவியின் பிரசவத்துக்காக 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. ஆண்டு விடுப்பு 60 நாளும் தற்செயல் விடுப்பு 30 நாளும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் உரிமையாகக் கேட்டு வாங்கும் பொருள் அன்று. படைக்குத் தேவை என்றால் மறுக்கப்படும், பயிற்சிக் காலத்தில் மறுக்கப்படும் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே பிரசவத்தன்று வந்துவிடுவேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெயர். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். நாம் தந்தையின் பெயரை முதலெழுத்தாகப் போடுகிறோம். படை ஆவணத்தில் அந்த எழுத்து விரிந்து முழுப்பெயராகும். ஆதாரில் ஒரு விதமாகவும், திருமணச் சான்றில் இன்னொரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் நிற்கும். பணியில் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்னும் இணையவழி முறைக்கு மாறிய பிறகு, மனைவியின் பெயரில் ஓர் எழுத்தும் பிறந்த தேதியில் ஓர் எண்ணும் பொருந்தாமல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாசலில் காத்து நின்ற எத்தனையோ பெரியவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சேரும் நாளில் தரும் படிவத்தில் உங்கள் பெயர், மனைவியின் பெயர், அவருடைய பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் திருமணச் சான்றிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். திருத்தம் வேண்டுமென்றால் புறப்படுமுன் செய்துவிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். கர்ப்பத்தைப் பதிந்தபோது மனைவிக்குத் தந்த பிக்மி எண் அதற்குத் தேவைப்படும் என்பதால், அதை அத்தையும் குறித்து வைத்திருக்கட்டும். குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு நிற்க வேண்டியதில்லை. பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அதன் நகலை உங்கள் அலுவலக எழுத்தரிடம் கொடுத்து, பார்ட் டூ ஆர்டர் வெளியிடச் சொல்லுங்கள். திருமணம், பிறப்பு, இறப்பு எல்லாம் அந்த ஆணையின் வழியாகத்தான் உங்கள் ஆவணத்தில் ஏறும். எழுத்தர் வாங்கி வைத்ததோடு விட்டுவிடாமல், ஆணையின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காப்பீட்டுக்கும் சேமநிதிக்கும் நாமினியாக மனைவியின் பெயரைக் கொடுப்பதை முதல் வாரத்திலேயே முடியுங்கள்.

இராணுவ மருத்துவமனையில் பிரசவம் பார்க்கலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆவணத்தில் மனைவியின் பெயர் ஏறி அட்டை கிடைக்கும் முன்னரே குழந்தை பிறந்துவிடும். ஏழு மாதமாகப் பார்த்து வரும் மருத்துவரையே தொடருங்கள்.

பதில் 2: கம்மவான்பேட்டை மருமகள்

ஐயரவர்களுக்கு வணக்கம். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார்கள். என் மாமனாரும் படைவீரர், கணவரும் படைவீரர். என் இரண்டு பிரசவத்திலும் கணவர் எல்லையில்தான் இருந்தார். ஆகையால் ஐயரம்மாவின், அதாவது குருவானவரின் மனைவியின், பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. மாற வேண்டியதுதான் என்றால் இந்த ஏழாம் மாதத்திலேயே, நீங்கள் இருக்கும்போதே மாறிவிடுங்கள். ஒன்பதாம் மாதத்தில், நீங்கள் இல்லாத வீட்டில், பாத்திரங்களை மூட்டை கட்டும் நிலைக்கு அவரை விடாதீர்கள். குழந்தை பிறந்து மூன்று மாதம்வரை குருமனையில் இருக்கப் பேராயர் அனுமதிப்பார் என்றால் அது இன்னும் நல்லது. ஆனால் அதைச் சபையாரின் வாய்மொழியாக விட்டுவைக்காமல் எழுத்தில் பெறுங்கள். வாடகை வீடு என்றால் மாடி வேண்டாம். மருத்துவமனைக்கு அருகில் பாருங்கள்.

நள்ளிரவு இரண்டு மணிக்கு வலி கண்டால் யார் வண்டி எடுப்பார்? இந்தக் கேள்விக்கு "சபையார் இருக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. ஒரு பெயர், அவர் வராவிட்டால் இன்னொரு பெயர், பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரின் எண், 108 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த இருவரிடமும் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். எனக்கு அப்படித்தான் கொழுந்தனார் ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். மழை கொட்டிய இரவில் அவர் வந்து நின்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

குருவானவர் வீடு ஊருக்குப் பொதுவீடு. பிள்ளை பிறந்தால் நாள் முழுவதும் பார்க்க வருவார்கள், அன்போடுதான் வருவார்கள், ஆனால் பச்சை உடம்புக்காரிக்கு அது பெரும் களைப்பு. மாலை நான்கு மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும் வரலாம் என்று நீங்கள் புறப்படுமுன் ஆராதனையில் அறிவித்துவிட்டுப் போங்கள். அதை அவரே சொன்னால் ஐயரம்மாவுக்குப் பெருமை வந்துவிட்டது என்பார்கள்.

பிறந்தவுடன் போடும் தடுப்பூசி மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். பிறகு 6, 10, 14 ஆகிய வாரங்களில் போட வேண்டும். ஊசி போட்ட இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அழும், தாய்க்குத் தூக்கமே இருக்காது. அந்த மூன்று இரவுகளுக்கும் அத்தையோடு இன்னொருவர் கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். கணவர் இல்லாத வீட்டில் பிரசவத்தைவிட அதற்குப் பிந்திய நாற்பது நாள்தான் கடினம். காரணமில்லாமல் அழுகை வரும். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை அத்தையிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் பேசும்போது அவருக்குத் தேவவசனம் சொல்லி ஆறுதல்படுத்த முயலாதீர்கள். அவருக்கும் வேதம் தெரியும். "இன்று எத்தனை முறை பால் குடித்தாள், நீ எப்போது சாப்பிட்டாய், முதுகு வலி எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள். என் கணவர் குளிரில் நின்றுகொண்டு, பிள்ளைக்குத் தொப்புள் கொடி எப்போது விழுந்தது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

பதில் 3: ஓய்வுபெற்ற சமய ஆசிரியர், கும்பகோணம்

தம்பி, நான் பண்டிதர் பிரிவில் சமய ஆசிரியராகப் பணி செய்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போலவே நானும் தமிழ் மட்டும் தெரிந்த வீட்டிலிருந்து போனவன். என் மகள் பிறந்தபோது நான் பயிற்சியில் இருந்தேன். நான்கு மாதக் குழந்தையாக அவளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, தெரியாத மனிதன் என்று அவள் வீறிட்டு அழுதாள். படித்த சாத்திரம் எதுவும் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் என்னிடம் வந்தாள்.

இரவில் உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு என் பதில் இதுதான். மனைவி முழு மனத்தோடு ஒப்பியிருக்கிறார், உடனிருக்க ஆள் இருக்கிறது, மருத்துவர் சிக்கல் எதையும் சொல்லவில்லை என்றால் போங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், குறிப்பாக இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி இறக்கம் என்று மருத்துவர் ஏதாவது சொல்லியிருந்தால், ஒத்திவைப்புக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்தத் தேர்வையே விட்டுக்கொடுக்கவும் தயங்காதீர்கள். சமய ஆசிரியர் பணிக்கு வயது வரம்பு 30-ஐத் தாண்டியும் இருக்கிறது, மீண்டும் எழுதலாம்.

புனேயில் சேர்ந்த முதல் நாளே, உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் மனைவியின் நிலையையும் குறித்த நாளையும் சொல்லிவிடுங்கள். சொன்னால் பலவீனமாக எண்ணுவார்களோ என்று நான் மறைத்தேன், அது தவறு. கைப்பேசி எந்த நேரத்தில் உங்களிடம் இருக்கும் என்பது உங்கள் கையில் இராது. எனவே பயிற்சி அலுவலகத்தின் நிலத்தொலைபேசி எண்ணை வாங்கி மனைவிக்கும் மாமனாருக்கும் கொடுங்கள். விடுப்புக் கிடைத்தாலும் தூரம் இருக்கிறது: நாகர்கோவில் – மும்பை விரைவு வண்டி புனேயிலிருந்து திருநெல்வேலி வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் போதாது.

பயிற்சியில் உங்கள் அருகில் கிரந்தியும் மௌல்வியும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிலும் கைக்குழந்தைக்காரர்கள் இருப்பார்கள், தேடிக் கண்டுபிடியுங்கள். பின்னர் படைப்பிரிவுக்குப் போனால், சர்வ தர்ம ஸ்தலத்தில் ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமயத்தாரும் வணங்குவார்கள். குழந்தை பிறந்த செய்தி வந்தால் ஜவான் இனிப்போடு உங்களிடம் ஓடி வருவான்; எந்தச் சமயத்தவனாக இருந்தாலும் வருவான். மனைவிக்கு வலி கண்டுவிட்டது, விடுப்புக் கிடைக்கவில்லை என்று கண் கலங்கி நிற்பவனும் வருவான். அவனுக்காக அதிகாரியிடம் போய்ப் பேசுவது உங்கள் வேலையில் ஒரு பகுதி. நான் பேசியிருக்கிறேன், சில முறை விடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சில முறை முடியாமல் அவனோடு இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன்.

பயிற்சிக்குப் பின் குடும்பம் தங்கக்கூடிய அமைதிப் பகுதியில் பணி கிடைத்தால், மனைவியின் 365 நாள் விடுப்பில் மீதி இருக்கும்போதே அழைத்துக்கொள்ளுங்கள். முன்னணிப் பகுதியில் கிடைத்தால் அது முடியாது. குடியிருப்புக்கு வரிசை நீளமாக இருக்கும் என்பதால் சேர்ந்த அன்றே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

நெல்லைக் குருவானவர்

மூவருக்கும் என் வணக்கமும் நன்றியும். பதில்கள் அனைத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சகோதரி எழுதிய நாற்பது நாள் பற்றிய பகுதியை அவள் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, இரவில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்பதை முதன்முறையாக என்னிடம் சொன்னாள். இத்தனை நாளும் நான் கலங்கிவிடுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

நேற்று மருத்துவரை இருவருமாகப் பார்த்தோம். சிக்கல் எதுவும் இல்லை என்றார். ஒத்திவைப்பு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் குறித்த நாளில் புறப்படுவேன். அடுத்த திங்கட்கிழமை மாமனாரின் வீட்டுக்கே குடிபெயர்கிறோம்; தரைத்தளம், மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். அத்தையோடு என் தங்கையும் 14ஆம் வாரம்வரை இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். மனைவியின் ஆதாரில் ஓர் எழுத்து வேறாக இருந்தது, திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஞானஸ்நானத்தை என் முதல் விடுப்பு வரைக்கும் தள்ளி வைப்பது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அதுவரை பிள்ளை என்னைப் பார்த்து அழாமல் இருக்க, நான் இந்தியில் மனப்பாடம் செய்யும் பரமண்டல ஜெபத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து தரச் சொன்னாள். தமிழிலும் ஒரு முறை சொல்லிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன்.