வீட்டுப் பட்டறைக்குப் பெரிய பேண்ட்சா: வாங்கியவர்கள் அனுபவம்

புதுக்கோட்டையிலிருந்து

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் தென்னை மட்டும் விழவில்லை. பலா, மா, தேக்கு என்று தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நல்ல வைரம் பாய்ந்த மரமெல்லாம் விறகு விலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். சித்தப்பா தோப்பில் விழுந்த பலாக் கட்டைகளை மட்டும் வாங்கி, வெடிக்காமல் இருக்க இரு முனையிலும் பெயிண்ட் அடித்து, நிழலில் அடுக்கி வைத்தேன்.

அவை காய்ந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை. மரவாடியில் நாலைந்து கட்டைக்காக அளவு மாற்றி ஓட்ட அவர்களுக்குப் பொழுதில்லை, அதைக் குறை சொல்லவும் முடியாது. மில் பிளேடு ஒவ்வொரு அறுப்புக்கும் ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மரத்தைத் தூளாக்கும். நிலைச் சட்டத்துக்கு அது பெரிதல்ல. எனக்கு வேண்டியதோ பெட்டிக்கும் பூஜை மாடக் கதவுக்கும் இரண்டு நூல் கனப் பலகை. மூன்றில் ஒரு பங்கு தூளாகப் போனால் மனசு கேட்காது. அதனால்தான் வீட்டிலேயே பெரிய பேண்ட்சா, அதாவது மேலும் கீழுமாக இரண்டு வீல்களைச் சுற்றி வளையமான பட்டைப் பிளேடு ஓடி மரம் அறுக்கும் மெஷின், போட முடிவு செய்தேன்.

பேண்ட்சாவை வீலின் விட்டத்தை வைத்து 14, 18, 24 அங்குலம் என்று சொல்கிறோம். வாங்கப் போகிறவர் அந்த எண்ணோடு நின்றுவிட வேண்டாம். மெஷினின் முதுகு, அதாவது இரண்டு வீலையும் தாங்கும் தூண், எவ்வளவு அகலமான பிளேடை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிற்கும் என்று பாருங்கள். 1 அங்குல பிளேடை முறையாக இழுத்தால் மேல் வீலின் அச்சில் அரை டன் அளவுக்குப் பாரம் விழுகிறது. முதுகு வளைந்தால் பிளேடு தளரும். தளர்ந்த பிளேடு உயரமான கட்டைக்குள் வயிறு தள்ளி ஓடும். மேலே போட்ட கோட்டில் சரியாகப் போவது போலத் தெரியும், பலகையைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும்.

பிளேடின் கனமும் வீலைப் பொறுத்தது. வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது மில்காரர்கள் கணக்கு. 24 அங்குல வீல் என்றால் 610 மி.மீ., அதற்கு 0.6 மி.மீ. பிளேடு. அதே பிளேடை 14 அங்குல வீலிலும் பலர் ஓட்டுகிறார்கள். ஓடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளைந்து நிமிர்வதால் பல்லுக்கு அடியில் சீக்கிரம் வெடிப்பு விழும்.

ஒரு கடையில் புது 18 அங்குல மெஷின் பார்த்தேன். 1 அங்குல பிளேடு ஏறும் என்று அட்டையில் போட்டிருந்தது. மாட்டி இறுக்கிக் காட்டச் சொன்னேன். டென்ஷன் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் வரை அமுங்கிவிட்டன, பிளேடோ விரலால் தள்ளினால் தாராளமாக ஆடியது. முக்கால் அங்குல பிளேடுக்கு அது நல்ல மெஷின்தான். விற்பவரும் அப்புறம் அதை ஒத்துக்கொண்டார்.

காரைக்குடிப் பக்கம் மூடிவிட்ட ஒரு பர்னிச்சர் பட்டறையில் 24 அங்குல வார்ப்பிரும்பு மெஷின் நிற்பதாக, தெரிந்த ஆசாரி ஒருவர் சொன்னார். அவரையே கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். முதலில் சின்னச் சுத்தியலால் உடம்பு, வீல், டேபிள் என்று இடம் இடமாகத் தட்டினார். கணீரென்று கேட்டால் சரி, சொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு. பெல்ட்டைக் கழற்றி வீலைக் கையால் சுற்றிவிட்டு, விளிம்புக்கு அருகே பென்சிலை ஆடாமல் பிடித்தார். இடைவெளி மாறாமல் இருந்தால் வீல் வட்டம் குலையவில்லை. பிறகு தச்சு நூலை மேல் வீலிலிருந்து கீழ் வீல் வரை இழுத்துப் பிடித்து, இரண்டும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தார். வீல் மேலிருந்த ரப்பரை நகத்தால் அழுத்தினார். அது கட்டிதட்டிப் போயிருந்தது. "ரப்பர் மாத்திக்கலாம், பேரிங் மாத்திக்கலாம், உடம்பு வெடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

ஓட்டிப் பார்த்தபோது டேபிளில் பழைய தடித்த 5 ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினோம். விழவில்லை. அதன் பிறகுதான் விலையே பேசினேன். டிராக்டரில் ஏற்றும்போது டேபிளைக் கழற்றிவிட்டுத்தான் செயின் பிளாக் போட்டோம். டேபிளைப் பிடித்துத் தூக்கினால் அதைத் தாங்கும் வார்ப்பு உடைந்துவிடும்.

இப்போது 10 அங்குல உயரப் பலாவை இரண்டு நூல் கனத்தில் கடைசிப் பலகை வரை ஒரே அளவில் எடுக்கிறேன். அந்த மஞ்சள் வைரம் ஒவ்வொரு பலகையாகத் திறந்து வருவதைப் பார்க்க எவ்வளவு சிரமமும் படலாம்.

கோயம்புத்தூரிலிருந்து

அருமையான பதிவு அண்ணா. கரண்ட் பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன், மெஷினை இறக்கிவிட்டுப் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய பெரிய பேண்ட்சாக்களில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார்தான் இருக்கும், வீட்டிலோ சிங்கிள் ஃபேஸ். என் 20 அங்குல மெஷினில் 2 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தது. சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும் டிரைவ் ஒன்றைப் போட்டேன்.

இந்த டிரைவ் 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட்தான் கொடுக்கும், 415 ஆக்காது. அதனால் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாருக்குள் இருக்கும் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள். 415 வோல்ட் ஸ்டார் என்று போட்டு, பெட்டிக்குள் ஆறு முனைகளும் வெளியே இருந்தால், டெல்டாவாக மாற்றிக் கட்டி 230ல் ஓட்டலாம். 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால் இந்த வழி உதவாது, மோட்டாரை மாற்ற வேண்டும் அல்லது ரீவைண்டிங் செய்ய வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வாங்கும்போது உள்ளே இழுக்கும் கரண்ட் கூடுதல் என்பதால் டிரைவை ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்.

டிரைவ் போட்டதில் இன்னொரு லாபம் உண்டு. கனமான வீல் நேரடியாகக் கிளம்பும்போது மோட்டார் அதன் வழக்கமான கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், வீடு முழுக்க விளக்கு மங்கும். டிரைவில் பத்து விநாடி எடுத்து மெதுவாகக் கிளம்ப வைக்கலாம். வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1440 சுற்று மோட்டாரைப் பாதியாகக் குறைத்தால் 720 சுற்று. 24 அங்குல வீலின் சுற்றளவு 6.28 அடி, ஆக நிமிடத்துக்குச் சுமார் 4500 அடி. மரத்துக்கு இது சரியான வேகம்.

தஞ்சாவூரிலிருந்து

எங்கள் வீட்டில் வீணை வேலை. பலாதான் எங்களுக்கும் உயிர். பெரிய மெஷின் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அது ஒன்றே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கால் அங்குல பிளேடு முக்கால் அங்குல ஆரத்துக்குள் திரும்பிவிடும். அரை அங்குல பிளேடுக்கு இரண்டரை அங்குல ஆரமாவது வேண்டும். 1 அங்குல பிளேடு நேராகப் போவதற்கு மட்டும்தான். குடத்தின் வெளிவட்டத்தையும் யாளி முகத்தின் வளைவையும் அதில் வெட்ட முடியாது. பெரிய மெஷினில் தினமும் பிளேடு மாற்றுவதும் முடியாத காரியம். நாங்கள் பழைய 14 அங்குல மெஷினை வளைவுக்கு என்று தனியாக வைத்திருக்கிறோம்.

பலாவில் பிசின் உண்டு, அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அது தூளோடு சேர்ந்து வீல் ரப்பரில் அடையாக ஒட்டினால் பிளேடு இடம் மாறி ஓடும். கீழ் வீலில் உரசும்படி ஒரு பிரஷ் பொருத்திவிடுங்கள்.

டொராண்டோவிலிருந்து

அண்ணை, நான் வைத்திருப்பது வார்ப்பிரும்பு அல்ல, தகட்டை மடித்து வெல்ட் பண்ணிய 19 அங்குல மெஷின். வார்ப்பிரும்பே உயர்ந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதுகு நல்ல அகலமான பெட்டி வடிவில் இருந்தால் தகடும் வளையாது. இத்தாலியில் பெரிய பேண்ட்சாக்களை அப்படித்தான் செய்கிறார்கள். கோவைத் தம்பி சொன்ன தொல்லையும் எனக்கு இல்லை, என் மெஷினில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் மோட்டார், அதற்கு வேண்டிய 240 வோல்ட் அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் என்று வீட்டுக்குள் வந்திருக்கும்.

இங்கே ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டு வருகிறது. 2002ல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், சில வருடங்களில் டொராண்டோவுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் வெட்டிய ஆஷ் கட்டைகளில்தான் நான் அறுக்கத் தொடங்கினேன்.

நான் முதலில் அளந்தது பேஸ்மன்ட் கூரையின் உயரத்தை. மெஷின் ஆறடிக்கு மேல், எடை 200 கிலோ அளவு. படிக்கட்டில் இறக்குவது ஆபத்து என்று கராஜில் வைத்தேன். பனி முடிந்து சூடு ஏறும் நாள்களில் குளிர்ந்த டேபிளில் தண்ணீர் கோக்கும், ஒரே இரவில் துருப் பிடிக்கும். மெழுகு பூசி வைத்தால் தப்பும்.

நாகர்கோவிலிலிருந்து

எல்லாரும் மெஷினைப் பற்றியே எழுதிவிட்டீர்கள், பிளேடை மறந்துவிடாதீர்கள். என் வேலை தேக்கும் அயினியும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரணக் கார்பன் பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் மெஷின் வாங்குமுன் பக்கத்தில் பிளேடின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிக் கொடுக்கிறவர், பல் கூர் பிடிக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். நீளத்தை நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாம்: வீல் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, இரண்டு வீல் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் போல இரு மடங்கைக் கூட்டுங்கள். மேல் வீலை ஏற்றி இறக்கும் ஓட்டத்தின் நடுவில் வைத்து அளக்க வேண்டும். பலகை அறுக்க அங்குலத்துக்கு 3 பல் போதும். உயரமான கட்டையில் பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமின்றிப் பிளேடு சூடாகும்.

ஒரு முறை ஒட்டு விட்டு என் பிளேடு அறுந்தது. அதற்கு முன்பே கைடில் (பிளேடு விலகாமல் தாங்கிப் பிடிக்கும் பகுதியில்) டிக் டிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான், மேலும் கீழும் கதவு மூடியிருந்ததால் பிளேடு உள்ளேயே சுருண்டு கிடந்தது. அந்த டிக் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி ஒட்டைப் பாருங்கள். மேல் கைடையும் மரத்துக்கு அரை அங்குலம் மேலே இருக்கும்படி இறக்கி வைத்தே ஓட்டுங்கள்.

அப்புறம், உருண்டைக் கட்டையை அறுக்கும் மில்லுக்கு வனத்துறை உரிமம் கட்டாயம். வீட்டு மெஷின்தானே என்று இருந்துவிடாமல், பெரிய பேண்ட்சா போடுமுன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மரம் வந்த வழிக்கான ரசீதும் கையில் இருக்கட்டும்.

புதுக்கோட்டையிலிருந்து, மறுபடி

நன்றி. உரிமம் பற்றிச் சொன்னது முக்கியம், எல்லாரும் கவனியுங்கள். தஞ்சாவூர் ஐயா சொன்ன பிரஷ்ஷை இன்றே பொருத்துகிறேன். வீல் ரப்பரை மாற்றியது பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: அதை வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒட்டக் கொடுத்தேன், மேடு பள்ளமாக ஒட்டித் தந்தார்கள், பிளேடு முன்னும் பின்னும் நடந்தது. பிறகு அந்த ஆசாரியும் நானும் சேர்ந்து, வீல் மெஷினில் இருக்கும்போதே கையால் மெதுவாகச் சுற்றி, மரத்துண்டில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்த்து, நடுவில் லேசான மேடு வரும்படி சரி செய்தோம். அந்த மேடுதான் பிளேடை வீலின் நடுவில் நிறுத்துகிறது. பிளேடைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே இதைச் செய்யுங்கள்.