தூர வளைவில் நின்றுவிடும் N ஸ்கேல் மாடல் ரயில், உதவி தேவை

அண்ணா, அக்கா, சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, உயர்நிலை மூன்று படிக்கிறேன். ஜூன் விடுமுறையில் 4க்கு 2 அடி பிளைவுட் பலகையில் ஒரு வட்டப் பாதை போட்டேன். N ஸ்கேல் (சிறிய மாடல் ரயில் அளவு), 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், 12 வோல்ட் டிசி கண்ட்ரோலர், மின்சாரம் ஒரே இடத்தில்தான் ஏறுகிறது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்று வாரமாக, வயர் கொடுத்த இடத்துக்கு நேரெதிர் வளைவில் முகப்பு விளக்கு மங்கி, வண்டி ஊர்ந்து நின்றுவிடுகிறது, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் மறுபடி ஓடும். (பாட்டி வேறு, "சிக்னல் விழலையா?" என்று கேட்டுக் கடுப்பேற்றுகிறார்.)

தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் துடைத்துவிட்டேன், பஞ்சு கறுப்பாக வந்தது, ஆனால் பலன் இரண்டு நாள்தான். வேறு எஞ்சின் வைத்தாலும் அதே இடம். அப்பாவின் மல்டிமீட்டரில், வண்டி ஓடும்போது வயர் பக்கம் 9 வோல்ட், அந்த வளைவில் 6க்கும் கீழே. பலகை ஜன்னலோரம் இருப்பதால் ஈரக்காற்றில், தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள் கறுத்திருக்குமோ என்று சந்தேகம், குறட்டால் இறுக்கியும் பார்த்தேன், அப்புறமும் அதே கதைதான்.

தகடுகளை மட்டும் புதிதாக மாற்றினால் போதுமா, இல்லை அந்த வளைவுக்குத் தனியாக இன்னொரு ஜோடி வயர் பற்றவைக்க வேண்டுமா?