மறு: 'செயின் ஒஃப் கஸ்டடி': காவல் சங்கிலி வேண்டாமே

அன்பின் நண்பர்களுக்கு,

> 'காவல் சங்கிலி' என்றே வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது.

வழக்குச் சான்றாகும் ஒரு பொருள் யார் யார் கையில் இருந்தது என்ற விடுபடாத பதிவைத்தான் ஆங்கிலத்தில் 'செயின் ஒஃப் கஸ்டடி' என்கிறார்கள். அதற்குத் தமிழில் இந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. திருகோணமலையில் புதிதாகப் பொலிஸில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு விசாரணைக் குறிப்பு எழுதி வருகிறேன். அவர்களில் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போறதோ, சேர்?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. காவல் என்றதும் நமக்கு ஆள்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது பொருளைப் பற்றி.

உப்புவெளிக் கடற்கரையில் இரத்தம் தோய்ந்த சட்டை ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு, யார் முத்திரை வைத்தார், நிலையத்தில் யார் பொறுப்பெடுத்தார், நீதிமன்றத்துக்கு யார் கொண்டுபோனார், பெலவத்தையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் வரை யார் கையில் போனது? இதில் ஓர் இரவுக்குக் கணக்கு இல்லையென்றால் எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி அந்த இரவையே பிடித்துக்கொள்வார். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் பொதுவாக எதிரிக்கு எதிராகச் செல்லாது. அப்போது அந்தச் சட்டைதான் பேச வேண்டும். (அதை ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் நம் வெக்கைக்குக் கறை கெட்டுவிடும். நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இட வேண்டும். குறிப்பில் இதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.)

'கைமாற்றுத் தொடர்' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். சரிவராது.

என் முன்மொழிவு: பொறுப்புத் தொடர். 'பொறுப்புக் கொடுத்தேன்', 'பொறுப்பெடுத்தேன்' என்ற வினைகள் ஏற்கனவே நம் பேச்சில் இருக்கின்றன. ஒவ்வொரு கைக்கும் ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் வேண்டும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. சங்கிலியை விட்டுவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். தொடர் என்பதே பழந்தமிழில் சங்கிலிதான். புறநானூறு 74இல் வரும் 'தொடர்ப்படு ஞமலி' சங்கிலியில் கட்டிய நாய்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தொடர் அறுந்த இடத்துக்குத் 'தொடரறவு' போதுமா, அல்லது 'தொடர் முறிவு' நல்லதா? குறிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.