பில்லபிள் மணிநேரத்தை நேர்காணலில் கேட்கலாமா?

வணக்கம். அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

நியூயார்க்கில் மூன்றாம் வருஷ அசோசியேட் (இளநிலை வழக்கறிஞர்) நான், லிட்டிகேஷன், அதாவது நீதிமன்ற வழக்குப் பிரிவு. இப்போதைய இடத்தில் பில்லபிள் மணிநேரத்துக்கு, அதாவது கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடிய வேலை நேரத்துக்கு, ஆண்டு இலக்கு 2,000. ஆறு நிமிடத்துக்கு 0.1 மணிநேரம் என்று எழுதி எழுதி, அடுப்பில் ரசம் கொதிக்கும்போதுகூட மனசு 0.2 என்று கணக்குப் போடுகிறது. போன வருஷம் 1,840தான் வந்தது, போனஸும் போச்சு. பெரிய வழக்கு ஒன்று ஆகஸ்டில் சமரசமாகிவிட்டது, அதன்பின் கையில் வேலையே இல்லை.

வரும் வியாழக்கிழமை வேறொரு நடுத்தர நிறுவனத்தில் இரண்டாம் சுற்று, பார்ட்னர்கள் இருவரோடு. முதல் சுற்றில், "இங்கே ஒரு வாரம் எப்படிப் போகும்?" என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "பிஸியாகத்தான் இருப்போம்" என்று சிரித்துவிட்டார்கள். ஆஃபர் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்கிறார் ரெக்ரூட்டர். (அவருக்குக் கமிஷன், அப்படித்தான் சொல்வார்.) அவர்களுடைய இணையதளத்தில் இலக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்து விலகிய ஒருவருக்கு லிங்க்ட்இன்னில் எழுதினேன், பதில் இல்லை.

கேட்டால் உழைப்புக்கு அஞ்சுகிறவள் என்று நினைப்பார்களோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், "உங்கள் கணக்கு எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டால் 1,840 என்று சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பார்ட்னர்களிடமே இலக்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டுவிடலாமா, ஆஃபர் வரும்வரை பொறுப்பதா?