பாண்டியிலிருந்து பிரான்ஸ் போகும் குடும்பங்களுக்கு: பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீங்க

(மூன்று பேர் தங்கள் ஊர்ப் பெயரில் எழுதியது)

முத்தியால்பேட்டை:

பாண்டியில் பல வீடுகளில் தாத்தாவின் சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) பென்ஷனோடு பிரெஞ்சு குடியுரிமையும் சேர்ந்தே வந்திருக்கும். பாஸ்போர்ட் கையில் இருக்கும், பிரெஞ்சு நாக்கில் இருக்காது. பாரிஸ் புறநகரான சார்செல் பக்கம் வீடு பிடித்து ஆறேழு மாதம் போனதும், வீட்டில் பிரெஞ்சு புரிந்த ஒரே ஆள் ஏழாவது படிக்கிற பெண்ணாக இருப்பாள். 'காஃப்' (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) கடிதம், கரண்ட் பில், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அவள் மேஜைக்குப் போகும். "பொண்ணு எவ்வளவு பொறுப்பு பாருங்க" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள்.

அது மெச்ச வேண்டிய விஷயமே இல்லை. வீட்டுக் கடனும் அப்பாவின் நோயும் பெற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறது. ஆபீசில் அம்மா தலைகுனிந்து நிற்பதை அவள்தான் பார்க்கிறாள். அப்புறம் "பெரியவங்க சொன்னா கேளு" என்றால் எப்படி எடுபடும்? பையன்கள் இதையே வேறு மாதிரி பயன்படுத்திக்கொள்வார்கள்: வராத நாளுக்குப் பள்ளி அனுப்பும் எச்சரிக்கை, வாசிக்கும்போது "நாளைக்கு லீவு" ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை 'ப்ரொனோத்'. மதிப்பெண், வராத நாள், ஆசிரியர் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தப் பள்ளிச் செயலியில்தான் வரும். பெற்றோருக்குத் தனிக் கணக்கு, மாணவருக்குத் தனிக் கணக்கு. நிறைய வீடுகளில் இரண்டையும் திறந்து வைத்திருப்பது பிள்ளைதான். பெற்றோர் கணக்கின் குறியீட்டைப் பள்ளி அலுவலகத்தில் நீங்களே கேட்டு வாங்கி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆசிரியர் சந்திப்பு, டாக்டர், வங்கி எதற்கும் பெரியவர் ஒருவரையே துணைக்குக் கூட்டிப் போங்கள். ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் கேட்கலாம். நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும், போய் உட்கார்ந்தபின் கேட்டால் கிடைப்பது சிரமம்.

கிளம்புவதற்கு முன்னால் அலியான்ஸ் பிரான்சேஸில் பிள்ளையை மட்டும் சேர்க்காமல் அம்மாவும் அப்பாவும் ஏ1, ஏ2 என்ற ஆரம்ப நிலைகளை முடியுங்கள். புதிதாக வரும் வெளிநாட்டினருக்கு அரசு தரும் மொழிப் பயிற்சி, குடியுரிமை இருப்பவர்களுக்குக் கிடையாது. 'மேரி' (நகராட்சி அலுவலகம்) நடத்தும் வகுப்பு, 'சாந்தர் சோசியால்' (வட்டாரச் சமூக மையம்) வகுப்பு இரண்டையும் நீங்களே தேடிப் போக வேண்டும். செப்டம்பரில் இடம் நிறைந்துவிடும், ஜூனிலேயே கேளுங்கள்.

பள்ளியில் 3 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி. மொழி தெரியாத பிள்ளைக்கு முதலில் ஒரு தேர்வு வைத்து 'யூ.பே.ஈ.2.ஆ' வகுப்பில் சேர்ப்பார்கள். நடுநிலை, மேல்நிலைப் பள்ளியில் வாரம் குறைந்தது 12 மணி நேரம் பிரெஞ்சு, தொடக்கப் பள்ளியில் 9. கணக்கு, விளையாட்டு எல்லாம் வழக்கமான வகுப்போடுதான். இதை "மக்கு பிள்ளைங்க வகுப்பு" என்று வேண்டாம் என்பவர்கள் உண்டு. அப்படி மறுத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். வீட்டில் தமிழிலும் பேச்சு நின்றுபோனால், திங்கள்கிழமை தோறும் வயிற்று வலி வந்தால், தூக்கம் கெட்டால், அப்போது கவனியுங்கள்.

"வீட்டிலும் பிரெஞ்சு பேசுங்க" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். அரைகுறை பிரெஞ்சில் ஒரு பதின்வயதுப் பிள்ளையிடம் மனசுவிட்டுப் பேச முடியாது.

வில்லியனூர்:

அடிக்கிற விஷயத்தையும் சேர்த்துக்கணும் அண்ணே. 2019 ஜூலைச் சட்டப்படி உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ வன்முறை இல்லாமல்தான் பெற்றோர் அதிகாரத்தைச் செலுத்தணும். கன்னத்தில் தடம் தெரிந்தால் ஆசிரியர் மேலே சொல்லியே ஆக வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், விசாரணை 3 மாதத்துக்குள் முடியணும். "பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்கிற பயத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய தப்பு. அவசரம் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையைப் பிரிக்க சிறார் நீதிபதி உத்தரவு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேளுங்க. அந்தப் பேச்சை அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீங்க.

பொங்கல் வரை ஊரிலேயே தங்கிவிடுவதும் வினைதான். கிறிஸ்துமஸ் விடுமுறை ஜனவரி முதல் வாரத்தோடு முடிஞ்சிடும். சரியான காரணம் இல்லாமல் மாதத்தில் 4 அரை நாள் விட்டால் பள்ளி மேலிடத்துக்கு அறிக்கை போகும். ஊரைக் காட்ட ஆடி மாதம் சரியான நேரம்: வீராம்பட்டினம் தேர் ஆகஸ்டில் வரும், அங்கேயும் கோடை விடுமுறை.

பெண்பிள்ளை நீச்சல் வகுப்பும் அப்படித்தான். அது பாடத்திட்டத்தில் இருக்கு. "எங்க வழக்கமில்லை" என்பது செல்லாது. தனியா உட்கார்ந்த பிள்ளைக்கு அன்னைக்கே கேலி தொடங்கும். கேலி, போன்வழித் தொந்தரவுக்கு 3018. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 119. தற்கொலை எண்ணம் என்றால் 3114, இரவு பகல் எப்பவும்.

கடலூர் ஓ.டி.:

மனநல ஆலோசனைக்கு வழி கேட்பவர்களுக்கு: 'மோன் சுத்தியேன் ப்சீ' திட்டத்தில் 3 வயதிலிருந்து வருடத்துக்கு 12 அமர்வு, ஒன்று 50 யூரோ. 60 சதவீதம் அரசுக் காப்பீடு தரும், மீதி பெரும்பாலும் மியூச்சுவலில் (கூடுதல் மருத்துவக் காப்பீடு) வரும். டாக்டர் சீட்டு தேவையில்லை. 11 முதல் 21 வயது வரை 'மெசோன் தெ சதொலெசான்' (பதின்வயதினருக்கான ஆலோசனை மையம்) இலவசம். "பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்" என்று ஊரில் தகவல் போகுமோ என்று பயப்படாதீங்க. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

புதுசா கல்யாணமாகி வரும் பெண்களைப் பற்றி யாரும் பேசலையே! குடியுரிமை உள்ளவரின் மனைவி விசாவில் வந்தால் 3 மாதத்துக்குள் ஆன்லைனில் அதைச் செல்லுபடியாக்கணும். அந்த வேலையைப் புருஷனோ மாமியாரோ மட்டும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட் உங்கள் பையில், வங்கிக் கணக்கு உங்கள் பெயரில். அந்த விசாவில் வேலைக்குப் போகலாம், மேலே சொன்ன அரசு மொழிப் பயிற்சியும் உங்களுக்கு உண்டு. வீட்டில் அடி விழுந்து பிரிந்தால் அதனாலேயே குடியிருப்பு கார்டை மறுக்க முடியாது. மருத்துவச் சான்று, புகார் நகல் வைத்திருங்க. உதவி எண் 3919.

முத்தியால்பேட்டை:

கடலூர் தங்கச்சி சொன்னது சரி.

ஆயா தாத்தாவோடு வீடியோ கால் பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். குளிர்காலத்தில் ஊர் நேரம் நாலரை மணி முன்னால், கோடையில் மூன்றரை. குளிர்காலத்தில் சாயங்காலம் ஆறுக்குக் கூப்பிட்டால் அங்கே பத்தரை, பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள். பெரும்பாலான பள்ளிகளில் புதன் மதியம் வகுப்பு இல்லை. அன்று இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் குளிர்காலத்தில் அங்கே ஆறரை, விளக்கேற்றும் நேரம்.