களா வேலி செழிப்பாக இருக்கிறது, காய் மட்டும் இல்லை

செம்மண்காடு:
வணக்கம். வேலியோரம் இரண்டடிக்கு ஒன்றாகக் களாக் கன்று வைத்து 4 வருடம் ஆகிறது. ஆடு நுழையாத முள்வேலியாக அடர்ந்துவிட்டது. ஆனால் போன வருடம் எண்ணி ஏழே காய். இந்த வருடம் பூவே வரவில்லை. வரப்பில் தானாக முளைத்த ஒரு புதர் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கிறது. அதற்கு யாரும் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. என் செடிகளுக்கு நல்ல வெயில், வாரம் இருமுறை தண்ணீர், மாதாமாதம் கொஞ்சம் யூரியா. வேலி ஒழுங்காக இருக்க அடிக்கடி கத்தரிக்கிறேன். எங்கே தவறு?

மேட்டுக்காடு:
கடைசியாக எப்போது கத்தரித்தீர்கள்?

செம்மண்காடு:
தையில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அண்ணா.

மேட்டுக்காடு:
அதுதான் தம்பி. களா பூப்பது கிளை நுனியில். தை, மாசி, பங்குனிதான் பூக்கிற காலம். வரப்புப் புதரின் காய்க்கொத்து எங்கே தொங்குகிறது என்று பாருங்கள், எல்லாம் நுனியில்தான் இருக்கும். நீங்கள் வேலியை நேராக்கும்போது அந்த நுனிகளைத்தான் வெட்டிப் போடுகிறீர்கள். காய்ப்பு ஓய்ந்த பிறகு, ஆவணி புரட்டாசியில் ஒரே தடவை வெட்டுங்கள். அப்புறம் கத்தரியைத் தொடவே வேண்டாம். வேலி கொஞ்சம் கலைந்துதான் நிற்கும், நிற்கட்டும். யூரியாவை நிறுத்திவிட்டு, மழைக்கு முன் தொழுவுரம் போடுங்கள். வேரூன்றிய களாவுக்கு இவ்வளவு தண்ணீரும் வேண்டாம், தழைதான் கூடும்.

செம்மண்காடு:
சரி அண்ணா, புரிகிறது. இன்னொன்று. வரப்புப் புதரின் காயை ஊறுகாய்க்கு நறுக்கினேன். கத்தி, விரல் எல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுத்துவிட்டது. ஊறுகாயும் துவர்க்கிறது.

அடுக்களைத் தோட்டம்:
கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் தம்பி. காயை இரண்டாகக் கீறி, விதையை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவினால் பாலும் துவர்ப்பும் பெரும்பாலும் போய்விடும். புளிப்பு அதிகம், அதனால் அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம். ஜெல்லி செய்வதென்றால் பாதி பழுத்த சிவப்புக் காய்தான் நல்லது. பெக்டின் அதிலேயே நிறைய இருப்பதால் தனியாகச் சேர்க்காமலே உறையும். அப்படியே தின்ன, நன்றாகக் கறுத்து மெத்தென்று ஆன பழம்.

செம்மண்காடு:
நன்றி அக்கா. அந்தப் புதரிலிருந்து விதை எடுத்து வேலியின் இடைவெளியில் போடலாமா?

மேட்டுக்காடு:
தாராளமாக. கறுத்த பழத்தைப் பிசைந்து, சதை போகக் கழுவி, உடனே விதையுங்கள். எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். அதே புதரின் காய் அப்படியே வேண்டுமென்றால் மழைக்காலத்தில் விண்பதியம் கட்டுங்கள் (கிளை செடியில் இருக்கும்போதே அதில் வேர்விடச் செய்து பிரித்து நடுவது), விதைக் கன்று தாய் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. களாக்காயால் கண்ணி, அதாவது தலைமாலை, சூடியதால்தான் சேரன் ஒருவனுக்குக் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்றே பெயர். அவ்வளவு பழைய உறவு நமக்கும் இந்தச் செடிக்கும். வரப்புப் புதரை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்மண்காடு:
இன்றே வரப்புக்காரரிடம் பேசிவிடுகிறேன் அண்ணா. மாசியில் மொட்டு வந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.